ஒரு வார்த்தையும் கூட்டாமல்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தான் யாரும் இல்லை. எட்டு வயதில் ஞாயிறு பள்ளியில் ஒட்டிக்கொண்ட 'குறுக்கு' என்ற பட்டப்பெயர் பல்கலைக்கழகம் வரைக்கும் கூடவே வந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுகிறவள், குறுக்குக் கேள்வி கேட்கிறவள் என்று அர்த்தம். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதுமாயிருந்த கதையை டீச்சர் உருகி உருகிச் சொல்லி முடித்தார். இவள் எழுந்து, எண்ணியது யார் என்று கேட்டாள். ஆண்களை மட்டும்தான் எண்ணினார்கள், பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இல்லை என்று டீச்சர் சொன்னார். பாதிப் பேரை விட்டுவிட்டு எண்ணுகிறவர்களை எப்படி நம்புவது என்று இவள் அடுத்ததைக் கேட்டாள். அன்று பாடம் முடியும்வரை வகுப்புக்கு வெளியே நின்றாள்.

இவள் ஏதோ நம்பிக்கை இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். தூங்கப்போகுமுன் முழங்கால் போடாத நாள் கிடையாது. கடவுளைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுடைய அம்மா ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள், அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். கணக்கியல் படி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாள். மகள் வரலாறுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். செத்தவர்கள் கதையைப் படித்து என்ன கிழிக்கப்போகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, செத்தவர்கள் எதிர்த்துப் பேச முடியாது, அவர்களுக்காகப் பேச ஆள் வேண்டும் என்று பதில் வந்தது. வாயாடிப் பெண்ணைப் பெற்ற பாவத்துக்கு அம்மா சம்மதித்தாள்.

அது கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். நதிக்கரையில் பெரிய வளாகம், நடுவில் சிற்றாலயம். வாரத்தில் மூன்று காலை அங்கே போயாக வேண்டும், வாசலில் அட்டையைத் தேய்த்தால்தான் வருகை பதிவாகும். வேலை கிடைக்கிற படிப்புகளுக்கெல்லாம் கீழ்த்தளங்களில் கண்ணாடி போட்ட அறைகள். வரலாற்றுத் துறை மட்டும் உச்சியில் இருந்தது. லிஃப்ட் அதற்கு ஒரு தளம் கீழேயே நின்றுவிடும், மிச்சத்தைப் படியேறித்தான் போக வேண்டும். மழை பெய்தால் வரைபட அலமாரிக்கு மேலே ஒழுகும். மாணவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கட்டுரையை எழுதினாலும், அதில் கடவுளின் கரம் எங்கே தெரிகிறது என்று கடைசிப் பத்தியில் எழுத வேண்டும். மாணவர்கள் அதற்கு 'ஆமென் பத்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணன்மார் அக்காமார் எழுதிவைத்த ஒரே பத்தி வருஷக்கணக்காகக் கைமாறி வந்தது, போரின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். ஒரு புத்திசாலி, பஞ்சத்தைப் பற்றிய கட்டுரையில் 'இந்த மகத்தான வெற்றியை' மாற்ற மறந்து அப்படியே கொடுத்தான். அதற்கும் மார்க் விழுந்தது. குறுக்கோ, தன் முதல் கட்டுரையின் முடிவில், 'அவர் கரம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததுபோல் எழுதினால் அவருடைய பெயரை வீணில் வழங்கியதாகும்' என்று எழுதினாள். மார்க் குறைந்தது. அடுத்த கட்டுரையிலும் அதையே எழுதினாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவளுடைய பேராசிரியை சிடுசிடுப்பானவர், ஆனால் கற்றுக்கொடுப்பதில் கெட்டிக்காரி. ஒரு சாட்சி போதாது, இரண்டு வேண்டும், அதிலும் ஒன்று நமக்குப் பிடிக்காத பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பது அவருடைய மந்திரம். குறுக்கின் ஆமென் பத்திகளுக்கு அவர் மார்க்கைக் குறைத்தாலும் மற்றப் பக்கங்களுக்குக் கூட்டிப் போட்டார். அப்படித்தான் கடைசி வருஷத்தில் இவள் துறையில் முதலாவதாக வந்தாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

துறையில் முதலாவதாக வருகிறவர்தான் மீட்பின் நாளில் சிற்றாலயத்தில் வாசிக்க வேண்டும். மீட்பின் நாள் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருநாள். முதல் முதல்வர் காலத்தில் நதி பெருக்கெடுத்து வளாகத்தின் வாசல்வரை வந்தது. விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் சிற்றாலயத்தில் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். விடிந்தபோது வெள்ளம் தானாகத் திரும்பிப் போயிற்று, ஓர் உயிருக்கும் சேதம் இல்லை. இந்த வரலாற்றை ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டு வைத்திருந்தார்கள். வாசிக்கிறவர் வெள்ளை அங்கி போட்டுப் பீடத்தில் ஏறி, முதல் வரி தொடங்கிக் கடைசி வரிவரை வாசிப்பார். முடித்ததும் கையை உயர்த்தி "கர்த்தருக்கே நன்றி" என்பார். நின்றுகொண்டிருக்கும் கூட்டம் மொத்தமும் அதைத் திருப்பிச் சொல்லும், உடனே ஆர்கன் அதிரும். அந்த இரண்டு சொல் புத்தகத்தில் கிடையாது. எல்லாருக்கும் மனப்பாடமானதை யார் அச்சடிப்பார்கள்?

ஆர்கன் ஓய்கிற நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கோயில் மணி லேசாகக் கேட்கும். உடனே சிற்றாலயத்துப் போதகர் முகம் மலர்ந்து, அக்கரைத் திருச்சபையும் நம்மோடு சேர்ந்து மகிழ்கிறது என்பார். வருஷா வருஷம் சொல்வார். மாணவர்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். குறுக்கும் முதல் வருஷத்தில் அதைக் கேட்டுக் கண் கலங்கியவள்தான்.

அந்த வாசிப்பு வெறும் மரியாதை இல்லை, வாசிக்கிறவருக்கு அது கடைசி வருஷத் தாளில் ஒரு பகுதி. அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது, அடுத்த வருஷம் அதே வாசிப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். இதுவரை யாரும் அதில் தோற்றதில்லை. அச்சடித்ததை வாசிக்கத் தெரியாதவரா முதலாவதாக வரப்போகிறார்? மகள் வாசிக்கப்போகிறாள் என்று தெரிந்த அன்றே அம்மா சலவை நிலையத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். இத்தனைக்கும் அந்த வெள்ளை அங்கி சலவைக்கு வருவது அங்கேதான். யார் யார் பிள்ளையோ போட்டுக்கொள்வதற்காக அம்மா அதை வருஷம் தவறாமல் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள்.

மீட்பின் நாளுக்குச் சில வாரங்கள் இருந்தபோது, வாய்மொழி வரலாறு என்ற பாடத்துக்காகக் குறுக்கு ஆற்றைக் கடந்து போனாள். அக்கரையில் சின்னக் கோயில் ஒன்று, அதன் பாடகர் குழு எப்படி மாறிவந்திருக்கிறது என்று விசாரிப்பதுதான் வேலை. ஒரு வம்பும் இல்லாத தலைப்பு. அங்கே மணி அடிக்கிற அக்கா ஒருத்தி, பகலில் தையல் கூடத்தில் வேலை பார்க்கிறவள், நன்றாகப் பேசினாள். மறுபடி எப்போது வரட்டும் என்று கேட்டுக் குறுக்கு ஒரு தேதியைச் சொன்னாள். தெரியாத்தனமாக அவள் சொன்னது மீட்பின் நாளுக்கு முந்தின நாள். அன்றைக்கு முடியாது, மறுநாள் துக்க ஆராதனை, கோயிலைக் கழுவ வேண்டும் என்றாள் அக்கா.

என்ன துக்கம் என்று குறுக்கு கேட்டாள்.

"வெள்ளம் வந்த நாள்மா அது. அந்தப் பக்கத்திலேருந்து படகுல வந்து எங்க கரையை வெட்டிவிட்டாங்க, தண்ணி மொத்தமும் எங்க பக்கம் பாஞ்சுது. பதினாறு பேர் போயிட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு அடின்னு மணி அடிப்போம். உங்களுக்கெல்லாம் கேட்குமே?"

குறுக்குக்கு வாய் அடைத்துப்போனது. அவளுக்கு வாய் அடைப்பதென்றால் எப்பேர்ப்பட்ட விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சற்றுப் பொறுத்து, இதை ஏன் யாரும் எங்களிடம் சொல்லவில்லை என்றாள்.

"யாரு கேட்டாங்க?" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

ஒளித்துவைத்த ரகசியம் ஒன்றும் இல்லை அது. அக்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. குறுக்கு விடவில்லை. ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொள்ள முடியாதபடி தனித்தனியாகப் போய் மளிகைக் கடைக்காரரைக் கேட்டாள், ஓய்வுபெற்ற செவிலியரைக் கேட்டாள், கோயிலுக்கே போகாத ஒரு சண்டைக்காரக் கிழவரைக் கேட்டாள். எல்லாரும் வெட்டிய இடம் என்று ஒரே வளைவைக் காட்டினார்கள். அவள் போய் நின்று பார்த்தாள். கரை நெடுக மண்ணாக இருக்க, அந்த ஓரிடத்தில் மட்டும் கல்லடுக்கிக் கட்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே சிற்றாலயத்தின் கோபுரம்.

பேராசிரியையின் மந்திரப்படி இனி ஒரு சாட்சி இந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். குறுக்கு நேராகப் போதகரின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர், மாணவர்களுக்குக் காய்ச்சல் என்றால் விடுதிக்கே வந்து பார்ப்பவர். அவள் சொல்லி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, தெரியும் என்றார். ஆட்சிக் குழுவில் பெரியவர்கள் எல்லாருக்குமே தெரியுமாம். ஆனால் அந்த மணியைப் பற்றிச் சொன்னபோது அவருடைய முகம் சுண்டிப்போனது. அது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"விடுதியில இருநூறு பிள்ளைங்க இருந்தாங்கம்மா. நீ அங்க இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்டார்.

"வெட்டியிருப்பேனோ என்னமோ, எனக்குத் தெரியலங்கய்யா. ஆனா வெட்டிட்டு வந்து, கடவுள் திருப்பிவிட்டார்னு பாட்டுப் பாடியிருக்க மாட்டேன்."

ஒரு வரியாவது சேர்த்து வாசிக்க அனுமதி கொடுங்கள் என்று குறுக்கு கேட்டாள். தன் கையில் இல்லை என்று சொல்லி ஆட்சிக் குழுவைக் கேட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது. புத்தகத்தில் உள்ளதை ஒரு வார்த்தையும் கூட்டாமல், ஒரு வார்த்தையும் குறைக்காமல் வாசிக்க வேண்டும், மீறினால் வாசிப்பு செல்லாது. வாசிக்க மறுத்தாலும் செல்லாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு, சோற்றைப் பரிமாறவும் இவள்தான் வேண்டியிருந்தது.

பேராசிரியையாவது துணைக்கு வருவார் என்று நம்பிப் படியேறினாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, முதலில் பட்டத்தை வாங்கு, பிறகு ஆய்வுக் கட்டுரையாக எழுது, அடிக்குறிப்பில் எல்லாவற்றையும் போடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இரண்டு சாட்சி போதும் என்று சொன்னது நீங்கள்தானே, நான் ஐந்து கொண்டுவந்திருக்கிறேன் என்றாள் குறுக்கு. செத்தவர்களை ஏற்கெனவே ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளியாயிற்று, இப்போது அடிக்குறிப்புக்கும் தள்ள வேண்டுமா என்றும் கேட்டாள். பேராசிரியை விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். பயந்தவரைத் திட்டி என்ன பயன் என்று இவள் இறங்கிவந்துவிட்டாள்.

வீட்டில் அம்மாவோடு நடந்ததுதான் பெரிய சண்டை. குறுக்கு வெள்ளத்தின் கதையைச் சொல்லி, வாசிக்கப்போவதில்லை என்றாள். யாரோ எப்போதோ செய்ததற்கு நீ ஏன் உன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாய் என்று அம்மா கத்தினாள். ஊரோடு ஒத்துப்போகக் கற்றுக்கொள் என்றாள்.

"எந்த ஊரோட? இந்தக் கரையா, அந்தக் கரையா?"

அம்மா கை ஓங்கினாள், அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "அந்த அங்கியைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை காய்ச்சுப்போச்சுடி. ஒரு தடவை என் பிள்ளை போடட்டுமேன்னு ஆசைப்பட்டேன். அது தப்பா?"

அதைக் கேட்டதும் குறுக்கும் அழுதாள். ஆட்சிக் குழுவுக்கு அசையாதவளை அம்மாவின் கை அசைத்துவிட்டது. இத்தனை வருஷம் தேய்த்தவளுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்காமல் என்ன பெரிய நியாயம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. இரண்டு நாள் போனது. பிறகு அந்தச் சிறு புத்தகத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மெதுவாகப் படித்தாள், கடைசி வரிக்குப் பிறகு வேறு ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்று பக்கத்தைத் திருப்பியும் பார்த்தாள். ஒருவர் எழுதிவைத்ததை வாசிப்பது வேறு, அதற்குச் சாட்சி சொல்வது வேறு. வரலாறு படிக்கிறவளுக்கு இது முதல் பாடம். அங்கியைப் போடுகிறேன், வாசிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். ஒரு வார்த்தையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று போதகருக்கும் வாக்குக் கொடுத்தாள். அவர் பெருமூச்சு விட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று அவள் துணிந்துவிட்டது அவருக்குத் தெரியாது.

மீட்பின் நாள் காலையில் சிற்றாலயம் நிரம்பி, ஓரங்களிலும் ஆட்கள் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் அம்மா, தலைமுடியை இழுத்து வாரிக்கொண்டு, மகளின் அங்கியில் எங்காவது மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்தபடி இருந்தாள். பேராசிரியை ஜன்னலோரம். கூட்டம் எழுந்து நிற்க, குறுக்கு பீடத்தில் ஏறி வாசித்தாள். திக்கவில்லை, அவசரப்படவில்லை. வெள்ளம் தானாகத் திரும்பிப் போயிற்று என்ற வரியையும் வாசித்தாள். ஓர் உயிருக்கும் சேதம் இல்லை என்ற கடைசி வரியையும் வாசித்தாள். புத்தகத்தை மூடினாள். கையை உயர்த்தவில்லை, அப்படியே நின்றாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஆர்கன் வாசிப்பவர் கட்டைகளுக்கு மேல் விரல்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியவள் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும், பதில் சொன்னால்தான் உட்கார முடியும். மறந்துவிட்டாளோ என்று ஒருவர் அடுத்தவரைப் பார்த்தார். முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமி நினைவுபடுத்தினார். கடைசியில் போதகர் தானே சொல்லிவிடலாம் என்று எழுந்தார்.

அப்போது மணி அடித்தது. ஆர்கனும் கூட்டத்தின் குரலும் இல்லாததால், அந்தச் சிற்றாலயத்தில் முதன்முறையாக அந்த மணி முதல் அடியிலிருந்தே கேட்டது. மகிழ்ச்சி மணி அப்படி அடிக்காது. ஓர் அடி, நெடிய இடைவெளி, மறுபடி ஓர் அடி. போதகர் திறந்த வாயோடு நின்றார். வருஷா வருஷம் சொல்லும் வாக்கியத்துக்காக எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பீடத்திலிருந்து குறுக்கும் பார்த்தாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து அம்மாதான் கேட்டாள். இஸ்திரிக் கூடத்தின் இரைச்சலில் பேசிப் பழகிய குரல், மெதுவாகப் பேச வராது.

"எதுக்குங்கய்யா அந்த மணி இப்படி அடிக்குது?"

போதகர் மகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கோயிலுக்குள் நின்றுகொண்டு நேருக்கு நேர் கேட்டவளிடம் அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"அன்னைக்கு அந்தக் கரையில செத்தவங்களுக்கும்மா," என்றார். "நம்ம ஆளுங்க அவங்க கரையை வெட்டிவிட்டாங்க."

யாரும் உட்காரவில்லை. மணி தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனது. பின்வரிசையில் ஒரு மாணவி வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள், பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பதினொன்றுக்குப் பிறகு ஓசை மங்கியது, துணி சுற்றி அடிப்பதுபோலக் கேட்டது. பதினாறோடு நின்றது. நன்றி சொல்லாமலே கூட்டம் கலைந்தது, பேராசிரியை மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

வெளியே மரத்தடியில் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று குறுக்கு நினைத்தாள். அம்மா கேட்டது வேறு.

"கடைசி அஞ்சு ஏன்டி சன்னமாக் கேட்டுச்சு?"

"அது பிள்ளைங்களுக்கும்மா."

நீ சொன்னபோதே நான் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டும் என்றாள் அம்மா.

அடுத்த வாரம் ஆட்சிக் குழு அவளைக் கூப்பிட்டது. நீளமான மேஜை, அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் இவள் ஒருத்தி. எந்த விதியை மீறினேன் என்று கேட்டாள். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை, புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்றாள். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் குரலைத் தணித்து, கடைசி நன்றியைச் சொல்ல மறந்துபோனதாக எழுதிக் கொடு, தேர்ச்சி போட்டுவிடுகிறோம், இதோடு விட்டுவிடலாம் என்றார். மேஜைக் கோடியில் இருந்த போதகர் தலையைத் தூக்கி, அந்தப் பெண் எதையும் மறக்கவில்லை என்று சொன்னார். தலைவர் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, எழுதிக் கொடுக்காவிட்டால் வாசிப்பில் தோற்றதாகப் பதிவாகும், பட்டம் இந்த வருஷம் கிடையாது என்று முடித்தார்.

நாலு வருஷப் படிப்பு, அம்மாவின் கை, லாரியில் எங்கோ போய்க்கொண்டிருக்கும் அப்பா எல்லாம் அவள் நெஞ்சில் வந்து போயின. பயமாகத்தான் இருந்தது. நாற்காலியைப் பின்னே தள்ளி எழுந்தாள்.

"பெயிலே போட்டுக்குங்கய்யா. தோத்தவங்க அடுத்த வருஷம் மறுபடியும் வாசிக்கணும்னு உங்க விதியிலதானே இருக்கு? வந்து வாசிக்கிறேன்."